கேட்பதற்கும் ஒரு பயிற்சி!

தப்பு செய்த பிள்ளையைத் தண்டித்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். நஷ்டப்பட்டவரை யார் விசாரிக்கிறார்கள்?

1974-ல் கனடாவில் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு வாலிபர்கள் குடித்துவிட்டு, ஒரே இரவில் 22 பேரின் சொத்துக்களை நாசம் செய்தார்கள். நீதிபதி அவர்களை வீடு வீடாக அனுப்பினார். பெரும்பாலானவர்களை நேரில் பார்த்து, நஷ்டத்தைக் கேட்டறிந்து, சில மாதங்களில் பணத்தையும் கொடுத்தார்கள். 'சீரமைப்பு நீதி' இப்படித்தான் பல நாடுகளுக்குப் பரவியது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2002-ல் இதையொட்டிய ஓர் ஏற்பாடு நாடு முழுவதும் வந்தது. 10 முதல் 17 வயதுள்ள பிள்ளை முதல் தடவையாகக் கோர்ட்டுக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டால், பெரும்பாலும் ஒரு குழுவிடம் அனுப்புகிறார்கள். அதில் அலுவலர் ஒருவர். குறைந்தது இரண்டு பேர் ஊர்க்காரத் தொண்டர்கள். பிள்ளை என்ன செய்து ஈடுகட்டுவது என்று பேசி, ஒப்பந்தம் எழுதுகிறார்கள். அது 3 மாதம் முதல் 12 மாதம் வரை.

தொண்டர்களுக்குச் சட்டப் படிப்பு வேண்டாம். நம்மைப் போன்ற இல்லத்தரசிகளும் சேரலாம். ஆனால் பயிற்சி இல்லாமல் உட்கார முடியாது.

அப்படி என்ன பயிற்சி என்கிறீர்களா? முதலில், குறுக்கே பேசாமல் கேட்பது. அம்மாடி, அதுதானே நமக்குக் கஷ்டம்! "ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்றால் பிள்ளை சாக்குத்தான் சொல்லும். அதற்குப் பதில் இப்படிக் கேட்கப் பழக்குகிறார்கள்:

* என்ன நடந்தது?
* அப்போது என்ன நினைத்தாய்?
* இதனால் யார் யாருக்குக் கஷ்டம்?
* அதைச் சரிசெய்ய என்ன செய்யலாம்?

ஒருவர் பையனாக, ஒருவர் தாயாக, ஒருவர் பாதிக்கப்பட்டவராக நடித்துப் பார்க்கிறார்கள். அங்கே கேட்டதை வெளியில் மூச்சுவிடக் கூடாது.

என் மனதைத் தொட்டது இன்னொரு விதி. பாதிக்கப்பட்டவரை வற்புறுத்தி அழைக்கக் கூடாது. "மன்னிச்சுடுங்க" என்று நெருக்கவும் கூடாது. வர விருப்பமில்லாவிட்டால் மனதிலுள்ளதைச் சொல்லி அனுப்பலாம். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று அடிபட்டவளையே அடக்குகிற சமரசத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! புருஷன் கையை ஓங்குகிற வீடுகளில் அரைகுறைப் பயிற்சியோடு யாரும் பஞ்சாயத்துக்கு இறங்கவே கூடாது. அங்கே முதலில் வேண்டியது அவளுக்குப் பாதுகாப்பு.

சகோதரிகளே, அண்ணன் தங்கை சண்டையில் அந்த நாலு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். முதலில் அழுகிற குழந்தையிடம் போங்கள். "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.