உங்களுக்குத் தெரியுமா? சீவாளி சொல்லும் குறை

நாகசுரத்தின் நாதம் பிறக்குமிடம் ஆச்சா மரத்தில் கடைந்த, உலவு எனப்படும் குழல் அன்று. அதன் உச்சியில், கெண்டை என்னும் சிறு உலோகக் குழலில் செருகப்படும் சீவாளியே ஆகும். நாணல் வகைத் தட்டையால் ஆன அதன் இரண்டு இதழ்கள் மூச்சுக்காற்றில் மூடித் திறந்து துடிப்பதால் ஒலி எழுகிறது. மேலைநாட்டு ஓபோவும் இதே இரட்டை நாக்கு இனத்தைச் சேர்ந்ததே. சீவாளிக்குப் பெயர்பெற்ற ஊர் திருவாவடுதுறை.

ஒலி கெட்டால் அதன் தன்மையே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். சீவாளியின் வாய் அகன்றிருந்தால் மூச்சு வீணாகி நாதம் முரட்டுத்தனமாகும். ஒடுங்கியிருந்தால் ஒலி மெலிந்து, அழுத்தி ஊதும்போது இதழ்கள் ஒட்டி அடைத்துக்கொள்ளும். இதழ்களின் ஓரத்திலோ அவற்றைக் கட்டிய இடத்திலோ காற்றுக் கசிந்தால் கீழ்ச் சுரங்கள் எளிதில் பேசா. இதழ் தடித்தால் ஒலி மந்தமாகும், தேய்ந்தால் கீச்சிடும். உலர்ந்த சீவாளி துடிக்கவே மறுப்பதால், வாசிப்பவர் அதை வாயிலிட்டு நனைத்துப் பதப்படுத்துகிறார். வாத்தியத்தில் தொங்கும் உபரிச் சீவாளிகளும், வாயைச் சீர்செய்யும் தந்தக் குச்சியும் வெறும் அலங்காரமல்ல.

எனினும் குறையெல்லாம் சீவாளியுடையதன்று. வெப்பநிலை 1 பாகை செல்சியசு குறைந்தால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் குறையுமாதலால், கும்பக்கரை அடிவாரத்தில் சுருதி சேர்ந்த நாகசுரம், வெள்ளகவி வழியாக ஏறி, சுமார் 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலின் குளிரில் எடுத்தவுடன் ஊதப்பட்டால், மூச்சின் சூடு குழலில் ஏறும்வரை சுருதி சற்றுத் தாழ்ந்தே நிற்கும்.