எஞ்சின் பேசுகிறது, காது கொடுங்கள்!

ஏற்காடு மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு...

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை தெரியுமா?

இருபது!

ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிக்கொண்டே மேலே போவது குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்கோ அது விளையாட்டு அல்ல. சேலம் நகரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பயணத்தில் 1,200 மீட்டர் மேலே ஏற வேண்டும். திரும்பும்போது அதே 1,200 மீட்டர் கீழே இறங்க வேண்டும்.

ஏறுவது எஞ்சினுக்குச் சோதனை. இறங்குவது பிரேக்குக்குச் சோதனை. இரண்டிலும் ஓட்டுகிறவருக்கு வழி சொல்லும் ஆசான் ஒருவர் உண்டு. அவர்தான் எஞ்சின் சத்தம்!

மூன்று குரல்கள்

எஞ்சினுக்கு முக்கியமாக மூன்று குரல்கள் உண்டு.

முதல் குரல், முக்கல். ஏற்றத்தில் பெரிய கியரிலேயே போனால் "டொக்... டொக்..." என்று வண்டி திணறும். கைப்பிடி அதிரும். ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வேகம் வராது. சில சமயம் உள்ளே "கிண் கிண்" என்று சுத்தியால் தட்டுவது போலக் கேட்கும். "சுமை தாங்கவில்லை, கியரைக் குறை" என்று எஞ்சின் கெஞ்சுகிறது என்று பொருள்.

இரண்டாவது குரல், அலறல். சிறிய கியரிலேயே விரட்டிக்கொண்டு போனால் "வீல்" என்று கத்தும். "போதும், அடுத்த கியர் போடு" என்று பொருள்.

மூன்றாவது குரல், சீரான குரல். முக்கலும் இல்லை, அலறலும் இல்லை. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் வண்டி உடனே முன்னால் பாயும். ஏற்றத்தில் நீங்கள் தேட வேண்டிய குரல் இதுதான்.

கியர் ஏற்றுவது எப்படி?

சம வேகத்தில் போகும்போது, சிறிய கியரில் எஞ்சின் வேகமாகச் சுழலும். பெரிய கியரில் மெதுவாகச் சுழலும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இரண்டாவது கியரில் இருந்து மூன்றாவது கியருக்குப் போகிறீர்கள். எஞ்சின் சுழற்சி குறைய வேண்டும் அல்லவா? ஆகவே ஆக்சிலேட்டரை விடுங்கள். அதே நேரத்தில் கிளட்சைப் பிடியுங்கள். காலால் கியரை மாற்றுங்கள். கிளட்சை விட்டுக்கொண்டே மீண்டும் ஆக்சிலேட்டரைக் கொடுங்கள்.

ஆக்சிலேட்டரை விடாமல் கிளட்சைப் பிடித்தால் எஞ்சின் வெறுமனே அலறும். கிளட்சை முழுவதும் பிடிக்காமல் கியர் போட்டால் "கர்ர்" என்று பல்லைக் கடிக்கும். சரியாகச் செய்தால் "டிக்" என்ற ஒரே சத்தம்தான்.

ஏற்றத்தில் இன்னொரு விஷயம். கியர் மாற்றும் அந்த நொடியில் எஞ்சின் வண்டியை இழுப்பது இல்லை. மலை வண்டியைப் பின்னால் இழுக்கிறது! ஆகவே கையும் காலும் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். தாமதித்தால் வேகம் செத்துவிடும். புதிய கியரில் எஞ்சின் முக்க ஆரம்பித்துவிடும்.

கியர் குறைப்பதில்தான் சூட்சுமம்!

மூன்றாவது கியரில் இருந்து இரண்டாவது கியருக்கு வருகிறீர்கள். இப்போது எஞ்சின் முன்னைவிட வேகமாகச் சுழல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் தொடர் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். கோலை வாங்கப் போகிற பையன் நின்றுகொண்டே வாங்குவது இல்லை. கொஞ்சம் முன்னதாகவே ஓட ஆரம்பித்துவிடுவான். இருவர் வேகமும் ஒன்றாகும்போது கோல் தடையின்றிக் கைமாறும்.

எஞ்சினுக்கும் இதே வித்தைதான். கிளட்சைப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை ஒரு சிறு முறுக்கு முறுக்கி விடுங்கள். "உர்ர்" என்று குரல் எழும். அந்தக் குரல் அடங்குவதற்குள் கியரைக் குறைத்துக் கிளட்சை விடுங்கள். வண்டி குலுங்காது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் உங்கள் முதுகில் மோத மாட்டார்.

இப்படிச் செய்யாமல், வேகமாகப் போகும்போதே கியரைக் குறைத்துக் கிளட்சைச் சட்டென்று விட்டால் என்ன ஆகும்? பின் சக்கரம் ஒரு கணம் பிடித்துக்கொள்ளும். சாலை ஈரமாக இருந்தால் வழுக்கிவிடும். பழகாதவர்கள் முதலில் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைக்கட்டும். பிறகு கியரைக் குறைத்து, கிளட்சை மெதுவாக விடட்டும். அதுவும் நல்ல வழியே.

புல்லட் தந்த பயிற்சி

தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிள் என்றதும் பலருக்கு நினைவு வருவது புல்லட். 1955-ம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது. சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது.

அந்தக் கால புல்லட்டில் நான்கே கியர்கள். கியர் மாற்றுவது வலது காலால்! பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். மற்றவற்றுக்குக் கீழே மிதிக்க வேண்டும். இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. கால் பழக்கம் மாறினாலும் காதுக்கு வேலை ஒன்றுதான். "டப்... டப்..." என்ற அதன் தாளத்தைக் கேட்டே பழையவர்கள் கியர் மாற்றினார்கள்.

வளைவு வருகிறது!

கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில் கிளட்சைப் பிடித்துத் தடுமாறக் கூடாது.

ஹாரன் அடியுங்கள். இரண்டாவது கியருக்கு வாருங்கள். இரண்டு பேரும் மூட்டை முடிச்சும் இருந்தால் முதல் கியரே மேல். ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்தபடி திரும்புங்கள். வண்டி நிமிர்ந்த பிறகு வேகம் கொடுங்கள்.

ஏறும்போது இடது பக்கம் திரும்பும் வளைவுகளில் அதிக கவனம் தேவை. அங்கே நீங்கள் வளைவின் உள்பக்கம் போகிறீர்கள். உள்பக்கம்தான் செங்குத்து அதிகம்.

நடுவே நிற்க நேர்ந்தால், வலது காலால் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ளுங்கள். முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். எஞ்சின் குரல் லேசாகத் தாழும். "நான் பிடித்துக்கொண்டேன்" என்று அது சொல்லும் அடையாளம் அது! அப்போது ஆக்சிலேட்டர் கொடுத்து பிரேக்கை விடுங்கள். வண்டி பின்னால் உருளாது.

மேலே போகப் போக எஞ்சின் கொஞ்சம் சோர்ந்தது போலத் தெரியலாம். பயப்பட வேண்டாம். ஏற்காட்டு உயரத்தில் காற்று ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மெலிந்துவிடுகிறது. நமக்கு மட்டுமா மூச்சு வாங்கும்? எஞ்சினுக்கும் வாங்கும்!

ஒரு குடம் தண்ணீர் கொதிக்கும்!

இனி, இறக்கம். ஆபத்து இங்கேதான் அதிகம்.

வண்டியும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாரம் 1,200 மீட்டர் இறங்கும்போது உண்டாகும் சக்தி முழுவதும் சூடாக மாறினால், சுமார் 12 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதாவது ஒரு குடம் தண்ணீர்!

அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதியை யார் தாங்குவது? பிரேக்கை மட்டும் நம்பினால் அது பழுக்கக் காய்ந்துவிடும். அளவு மீறிச் சூடான பிரேக் பிடிப்பை இழக்கும். மிதித்தாலும் நிற்காது.

அந்தச் சுமையில் எஞ்சினும் பங்கு எடுத்துக்கொள்ளும். எப்படி?

இளநீர்க் குழலை விரலால் நசுக்கிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். எவ்வளவு சிரமம்! ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் எஞ்சினுக்குக் காற்று போகும் வழி அப்படித்தான் அடைபடுகிறது. எஞ்சின் திணறித் திணறிச் சுழல்கிறது. அந்தத் திணறலே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது.

ஆகவே ஒரு எளிய விதி: எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் "ம்ம்ம்" என்ற கனத்த குரல் கேட்க வேண்டும். அந்தக் குரல் உயர்ந்துகொண்டே போனால், இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைத் தணியுங்கள்.

சிலர் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறார்கள். எஞ்சினையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. மிச்சமாவது சில ரூபாய். பணயம் வைப்பதோ உயிர்! இறக்கத்தில் எஞ்சின் குரல் கேட்கவில்லை என்றால், உங்களைப் பிடித்திருக்கும் ஒரு கையை நீங்களே வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இந்த மலைப்பாதை எவ்வளவு பொல்லாதது என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். 2024-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந்தேதி ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் கவிழ்ந்து பலர் உயிர் இழந்தனர்.

ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு

கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் இழுத்துப் பிடிப்பது மிகக் குறைவு. மெதுவாகப் போகும்போது அறவே இருக்காது. பாரம் முழுவதும் பிரேக் தலையில்தான். ஆகவே ஆரம்பத்தில் இருந்தே நிதானமாக இறங்குங்கள். பிரேக்கை அழுத்தியபடியே வராமல், பிடித்துப் பிடித்து விடுங்கள். ஐந்தாறு வளைவுக்கு ஒரு முறை இடம் பார்த்து ஓரமாக நிறுத்தி, பிரேக்கை ஆறவிடுங்கள். குழந்தைகளும் கால் நீட்டிக்கொள்ளலாம்.

புறப்படும் முன்

அடிவாரத்தில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா? டயரில் காற்று சரியா? செயின் தொய்ந்து சளசளக்கிறதா? இருவர் தலையிலும் ஹெல்மெட் இருக்கிறதா? பார்த்துக்கொள்ளுங்கள்.

குறுகலான இடத்தில் எதிரே வண்டி வந்தால், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். அது சட்டம்.

காதில் பாட்டுக் கருவி மாட்டியிருந்தால் கழற்றிப் பையில் வையுங்கள். இருபதாவது வளைவு வரை எஞ்சின் பாடட்டும்!