உள்ளே ஒரு கடி

சொல் வந்த வழி – 17

சென்ற வாரம் 'விட்னஸ்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தோம். அதற்குள் இருக்கும் 'விட்' பழைய ஆங்கிலத்தில் அறிவைக் குறித்தது. விஷயத்தை அறிந்தவன் எவனோ அவனே சாட்சி. நாம் அன்றாடம் புழங்கும் 'வேதம்', 'வித்தை' இரண்டும்கூட அதே வேரின் கிளைகள்தான். அந்த 'விட்'டுக்கு முன்னால் 'இன்' சேர்ந்த கதை இந்த வாரம்.

இன்விட். அதாவது, உள்ளறிவு. இன்று லண்டன் தெருவில் நின்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தாலே அதிசயம். ஆனால் 'கான்ஷன்ஸ்' லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்து குடியேறுவதற்கு முன், மனச்சாட்சிக்கு ஆங்கிலத்தில் இருந்த சொந்தப் பெயர்களில் இதுவும் ஒன்று.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இங்கிலாந்தில் சில பெண்கள் தேவாலயச் சுவரை ஒட்டிய சிறு அறைக்குள் புகுந்து, ஆயுள் முழுவதும் அதைவிட்டு வெளியே வராமல் தவம் இருந்தார்கள். வெளியுலகத்தோடு அவர்களுக்கு இருந்த தொடர்பு ஒரு ஜன்னல்தான். அப்படிப்பட்ட பெண்களுக்கு வழிகாட்ட எழுதப்பட்ட நூல் 'ஆங்க்ரின் விஸ்'. எழுதியவர் தன் பெயரைச் சொல்லவில்லை. ஓரிடத்தில் அவர் 'கான்ஷன்ஸ்' என்று எழுதுகிறார். எழுதிய கையோடு, படிப்பவர்களுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று, அதாவது நம்முடைய இன்விட் என விளக்கமும் சேர்க்கிறார். ஆங்கிலத்தில் 'கான்ஷன்ஸ்' தலைகாட்டும் மிகப் பழைய இடங்களில் அது ஒன்று. வந்தவரை வீட்டுக்காரர் ஊராருக்கு அறிமுகம் செய்துவைத்த காட்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த விருந்தாளி அப்போது ஏன் வந்தார்? 1215இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், விவரம் தெரிந்த வயதை எட்டிய ஒவ்வொரு கிறிஸ்தவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று விதித்தது. குருவிடம் போய்ப் பாவங்களைச் சொல்லவேண்டும் என்றால், முதலில் அவற்றைத் தனக்குள் தேடி எடுக்கவேண்டும். தேடுவது எப்படி என்று சொல்லித்தரப் புத்தகங்கள் வேண்டியிருந்தன. 1279இல் லொரான் என்ற தொமினிக்கன் துறவி பிரெஞ்சு அரசர் மூன்றாம் பிலிப்புக்காக எழுதிய 'சோம் லெ ருவா' அவற்றில் பெரும்புகழ் பெற்றது.

அந்த நூலை ஆங்கிலமாக்க உட்கார்ந்தவர்களில் ஒருவர், கான்டர்பரி புனித அகஸ்டின் மடத்துத் துறவி டான் மிக்கேல். 1340 அக்டோபர் 27 அன்று முடித்தார். தேதி இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், அவரே எழுதி வைத்திருப்பதுதான். கென்ட் வட்டாரத்து ஆங்கிலத்தில், தன் கையாலேயே எழுதியதாகக் குறிப்பிடுகிறார். அப்பா, அம்மா, உற்றார் உறவினர் பாவத்தில் விழாமல் இருக்கவே எழுதினாராம். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளராக மிக்கேலுக்குப் பெரிய பெயர் இல்லை. பிரெஞ்சுச் சொல் ஒன்றுக்கு ஆங்கிலச் சொல் ஒன்று என்று வைத்துக்கொண்டே போனதில் பல இடங்களில் பொருள் தடுமாறுகிறது. ஆனால் மொழி ஆராய்ச்சியாளர்களுக்கு அவர் ஒரு புதையல். எழுதியவர், ஊர், நாள் மூன்றும் தெரிந்த, ஆசிரியரின் கைப்பட்ட 14ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல் வேறு எத்தனை கிடைக்கும்? அவர் ஊர்க்காரர்கள் சொல்லின் முதலில் வரும் 'ஃப' ஒலியை 'வ' என்றே சொன்னார்கள். அவரும் அப்படியே எழுதினார். ஆண் நரி 'ஃபாக்ஸ்' ஆகவும் பெண் நரி 'விக்ஸன்' ஆகவும் இன்றைக்கும் இருப்பது அந்தத் தெற்கத்திப் பேச்சின் மிச்சம்தான்.

இனி நூலின் தலைப்புக்கு வருவோம்: 'அயென்பைட் ஆவ் இன்விட்'. லத்தீனில் 'ரெ' என்றால் திரும்ப, 'மொர்தேரே' என்றால் கடித்தல். இரண்டும் சேர்ந்து பிறந்ததே 'ரிமோர்ஸ்'. மிக்கேல் அதை அப்படியே பிட்டு வைத்தார். 'அயென்' திரும்ப, 'பைட்' கடி. உள்ளறிவு திரும்பத் திரும்பக் கடிக்கிறது! சொல்லுக்குச் சொல் என்ற அவரது பிடிவாதம் இந்த ஓர் இடத்தில் பொன்னாய் விளைந்தது.

அதே நூற்றாண்டில் வில்லியம் லாங்லண்ட் தன் 'பியர்ஸ் பிளௌமன்' காவியத்தில் இன்விட்டை ஒரு கோட்டைக் காவலராகவே உலவவிட்டார். கோட்டை என்பது உடல், உள்ளே இருக்கும் சீமாட்டி ஆன்மா. காவலருக்கு ஐந்து பிள்ளைகள்: நன்றாகப் பார், நன்றாகச் சொல், நன்றாகக் கேள், நன்றாக உழை, நன்றாக நட. இங்கே இன்விட் மனச்சாட்சி அல்ல, புத்தி. அந்தச் சொல்லின் பலவீனமும் அதுதான். புத்தி, மனம், உட்புலன், மனச்சாட்சி என்று எல்லா வேலையையும் அதன் தலையில் கட்டினார்கள். 'கான்ஷன்ஸ்' குருமார்களின் நாவில் பழகிய சொல், மடங்களிலும் பள்ளிகளிலும் செல்வாக்குள்ள சொல். மெல்ல மெல்ல அது நிலைத்தது, இன்விட் மறைந்தது.

மாறியது பெயர் மட்டும்தானா? 'கான்ஷன்ஸ்' என்பதில் 'கான்' என்றால் கூட. கூட இருந்து அறிவது. ரோமானியர்கள் ஒருவரின் ரகசியத்தைக் கூட இருந்து அறிந்தவரையே அந்த வேர்ச்சொல்லால் அழைத்தார்கள். சமஸ்கிருதத்தின் 'சாட்சி'யும் கண்ணோடு கூட இருந்தவர்தான். இரண்டு சொற்களும் மனசுக்குள் இன்னோர் ஆளைக் கொண்டுவந்து உட்காரவைக்கின்றன. இன்விட்டில் அந்த இரண்டாவது ஆள் கிடையாது. செய்தவனும் நானே, அறிந்தவனும் நானே. வாய்மை அதிகாரத்தில் பொய் சொன்னவனைச் சுடும் வேலையை வள்ளுவர் சாட்சிக்குக் கொடுக்கவில்லை, அவன் நெஞ்சுக்கே கொடுத்தார். 'நெஞ்சுல கை வச்சுச் சொல்லு' என்று நாம் கேட்பதும் அந்த வழியில்தான். தமிழில் நெஞ்சும் இருக்கிறது, மனச்சாட்சியும் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒன்று கைநழுவிப் போனது.

1866இல் ரிச்சர்ட் மாரிஸ், பழைய ஆங்கில நூல்களை அச்சிடும் சங்கத்துக்காக மிக்கேலின் நூலைப் பதிப்பித்தார். படித்தவர்கள் புலவர்களும் மாணவர்களும்தான். பிறகு 1922இல் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' வந்தது. சாகக் கிடந்த தாய், மண்டியிட்டு ஜெபம் செய்யச் சொல்லியும் செய்யாத மகன் ஸ்டீபன். முதல் அத்தியாயத்திலேயே அவன் மனதில் மிக்கேலின் தலைப்பு வந்து முட்டுகிறது. கூடவே 'கான்ஷன்ஸ்' என்று ஒற்றைச் சொல் விளக்கமும் ஓடுகிறது. அதே காலை, அதே மேசையில், ஓர் ஆங்கிலேயர் பால்காரக் கிழவியிடம் ஐரிஷ் பேசுகிறார். அவளோ அது பிரெஞ்சா என்று கேட்கிறாள். ஐரிஷ்காரன் நெஞ்சுக்குள் ஆங்கிலம் தொலைத்த சொல், ஆங்கிலேயர் வாயில் அயர்லாந்து தொலைத்த மொழி!

தவப்பெண்களின் காலத்தில் 'கான்ஷன்ஸ்' என்றால் என்ன என்று இன்விட் விளக்கியது. 700 ஆண்டுகள் கழித்து இன்விட் என்றால் என்ன என்று 'கான்ஷன்ஸ்' விளக்குகிறது. வீட்டுக்காரர் விருந்தாளியாகிவிட்டார். ஆனாலும் ஸ்டீபனுக்கு அந்தப் பழைய சொல்தான் தேவைப்பட்டது. 'ரிமோர்ஸ்' என்று சொல்லும்போது இன்று யாருக்கும் பல் பதிவதில்லை. 'அயென்பைட்' இன்னும் கடிக்கிறது.

அடுத்த வாரம்: 'கான்ஷன்ஸ்' வீட்டில் பிறந்து தனிக்குடித்தனம் போன 'கான்ஷியஸ்னஸ்'. அதைப் பிரெஞ்சில் பெயர்க்க வழி தெரியாமல், 1700இல் சொல்லின் நடுவே ஒரு சிறு கோடு போட்டுச் சமாளித்தவரின் கதை.

(தொடரும்)