இருசமவெட்டி: எதை வெட்டுவது?

பி.எஸ்ஸி. (கணிதம்) இரண்டாமாண்டு மாணவர்

கணிதம் என்றதும் முகம் சுளிப்போர் நம் கல்லூரியிலும் பலர் உளர். வாழ்க்கைக்கு அது எங்கே பயன்படுகிறது என்று கேட்போரும் உளர். ஒரு கணிதச் சொல்லின் பொருளைச் சரிவர உணராமையால் உடன்பிறந்தார் இருவர் ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்ததை நான் கண்டிருக்கிறேன். அச்சொல் ‘இருசமவெட்டி’ என்பதாகும்.

முதலில் சொல்லின் பொருளைக் காண்போம். ஆங்கிலத்தில் இதனைப் ‘பைசெக்டர்’ என்பர். இலத்தீன் வழிவந்த அச்சொல்லில் ‘பை’ என்பது இரண்டையும், ‘செக்ட்’ என்பது வெட்டுதலையும் குறிக்கும். சமமாக என்னும் கருத்து அச்சொல்லின் உறுப்புகளில் இல்லை; வழக்கினால் வந்து சேர்ந்தது. நம் தமிழ்ச் சொல்லோ இரு, சம, வெட்டி என மூன்றையும் வெளிப்படையாகவே கூறிவிடுகிறது. எனினும், எதைச் சமமாக வெட்டுவது என்பதை இரு சொற்களும் கூறவில்லை. அதனை நாம்தான் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கி.மு. 300 அளவில் யூக்ளிட் தொகுத்த ‘மூலங்கள்’ என்னும் நூலின் முதற்பகுதியில், கோணத்தை இருசமமாக வெட்டும் முறையை ஒன்பதாம் கூற்றும், கோட்டுத்துண்டை இருசமமாக வெட்டும் முறையைப் பத்தாம் கூற்றும் தனித்தனியே கூறுகின்றன. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

முக்கோணத்தில் மூவகைக் கோடுகளை நாம் மயங்கிக் கொள்வதுண்டு. ஒன்று, கோண இருசமவெட்டி. இது கோணத்தைப் பாதியாக்கும். இதன் மீதுள்ள எப்புள்ளியும் அக்கோணத்தின் இரு பக்கங்களிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும். மற்றொன்று, மையக்குத்துக்கோடு. இது ஒரு பக்கத்தின் நடுப்புள்ளியில் செங்குத்தாகச் செல்லும். இதன் மீதுள்ள எப்புள்ளியும் அப்பக்கத்தின் இரு முனைகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும். மூன்றாவது, நடுக்கோடு. இது ஓர் உச்சியையும் எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளியையும் இணைக்கும். அடிப்பக்கம் பாதியாகி உயரம் ஒன்றாகவே இருப்பதால், பரப்பைப் பாதியாக்குவது இந்தக் கோடே.

இருசமபக்க முக்கோணத்தில், சமபக்கங்கள் கூடும் உச்சியின் வழியே இம்மூன்றும் ஒரே கோடாகிவிடும். நாம் கரும்பலகையில் வரையும் முக்கோணம் பெரும்பாலும் அவ்வாறே அமைந்துவிடுகிறது. மயக்கம் அங்கேதான் பிறக்கிறது.

இனி என் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். எங்கள் பாட்டனார் விட்டுச் சென்றது முக்கோண வடிவான ஒரு துண்டு நிலம். அதன் ஒரு மூலையில் கிணறு. கிணற்றிலிருந்து செல்லும் ஒரு வரப்பு 120 அடி, மற்றொரு வரப்பு 180 அடி, எதிர்வரப்பு 200 அடி. மொத்தம் ஏறக்குறைய 24½ சென்ட். பாகம் பிரித்தபோது, கிணறு இருவருக்கும் பொதுவாக இருக்கவேண்டுமென்று மூலையிலிருந்தே கோடு போடச் சொன்னார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலையில் கயிற்றைக் கட்டி, இரு வரப்புகளிலும் ஒரே நீளம் அளந்து முளை அடித்தார். இரு முளைகளுக்கும் நடுவே கயிற்றை இழுத்து, அது எதிர்வரப்பைத் தொட்ட இடத்தில் கல் நட்டார். 120 அடி வரப்பை ஒட்டிய பங்கு என் தந்தைக்கும், மற்றது பெரியப்பாவுக்கும் வந்தன.

ஒவ்வோர் அறுவடையிலும் எங்கள் பங்கில் விளைச்சல் குறைந்தது. கல்லை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று தந்தையார் எண்ணினார். பெரியப்பா மனம் நொந்தார். பேச்சு நின்றது.

சென்ற விடுமுறையில் அளவு நாடாவுடன் சென்று நான் அளந்தேன். கல் எங்கள் முனையிலிருந்து 80 அடியிலும், பெரியப்பா முனையிலிருந்து 120 அடியிலும் நின்றது. பெரியவர் போட்டது கோண இருசமவெட்டி! கல் அதன் மேல் நிற்பதால், அங்கிருந்து இரு வரப்புகளுக்கும் உள்ள செங்குத்துத் தூரம் சமம். அத்தூரத்தையே உயரமாகக் கொண்டால், இரு பங்குகளின் பரப்பும் 120-க்கு 180, அதாவது 2-க்கு 3 என்னும் விகிதத்தில்தான் அமையும். கிணற்றிலிருந்து பார்த்தால் இரு பங்குகளுக்கும் உயரம் ஒன்றே. ஆகவே அடிப்பக்கமும் அதே விகிதத்தில் 80, 120 எனப் பிரியவேண்டும். கல் மிகச் சரியாக அங்கேயே இருந்தது. யாரும் அதனை நகர்த்தவில்லை.

தந்தையாருக்குக் கிடைத்தது 9.8 சென்ட், பெரியப்பாவுக்கு 14.7 சென்ட். நடுக்கோடு போட்டிருந்தால் கல் 100 அடியில் நின்றிருக்கும். கிணறும் பொதுவாகவே இருந்திருக்கும். ஆளுக்குப் பாதி வந்திருக்கும்.

குறிப்பேட்டில் படம் வரைந்து இருவருக்கும் காட்டினேன். பள்ளிக்கூடம் அதிகம் பாராத என் தந்தையார் நெடுநேரம் அப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அளந்தவரு மேல தப்பில்லப்பா. எதைப் பாதியாக்கணும்னு நாங்கதான் சொல்லல” என்றார். இச்சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.

கல் இன்னும் 80 அடியிலேயே நிற்கிறது. அதனை மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர்கள் இருவரும் பேசி முடிவு செய்வார்கள். இப்போது அவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்பதே எனக்குப் போதும். ஆகவே நண்பர்களே, ‘சமமாகப் பிரி’ என்று எவரேனும் கூறினால், கோடு போடுமுன் ‘எதை?’ என்று ஒருமுறை கேளுங்கள்.