அங்க வைக்காதீங்க தம்பி!

"ஃபாரின் போயிருக்கியா?" என்று யாராவது கேட்டால், நான் கொஞ்சம்கூடத் தயங்காமல் தலையாட்டுவேன். எடப்புளி நாடு போயிருக்கிறேன், சார்!

பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். நாமக்கல்லில் பஸ் ஏறினால் போதும். (கையில் ஒரு எலுமிச்சம்பழம் அவசியம். காரவள்ளி அடிவாரம் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள்!) கொல்லிமலையில் மொத்தம் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று எல்லாமே 'நாடு' போட்டுத்தான் பெயர். அதில் ஒன்று எடப்புளி நாடு. அங்கேதான் என் நண்பனின் வீடு.

நானும் அவனும் பி.காம். ஒரே பெஞ்ச். இன்று அவன் நாமக்கல்லில் ஒரு கோழித் தீவன கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். நான் பத்திரிகைகளில் எழுதி உங்களைப் படுத்துகிறேன். ஆடி மாசம் வல்வில் ஓரி விழா பார்க்கலாம் வாடா என்று கூப்பிட்டான், போனேன். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஒரே அம்பில் வீழ்த்தியதாகச் சங்கப் பாட்டு சொல்லும் ஓரி ஆண்ட மலை அது. அந்த ஹை-ஸ்கோரை இதுவரை யாரும் முறியடித்ததாகத் தகவல் இல்லை.

விழாவை விடுங்கள். விஷயம் நண்பனின் அப்பா.

முப்பது வருஷம் அந்த 70 வளைவிலும் ஜீப் ஓட்டியவர். இறங்கும்போது பலாப்பழம், வாழைத்தார், மிளகு மூட்டை. ஏறும்போது அரிசி, சிமென்ட், கல்யாணத்துக்கு அண்டா குண்டா. முழங்காலில் ஆபரேஷன் ஆனதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். பேரன் நாமக்கல்லில். மூஞ்சியைப் பார்க்கட்டுமே என்று நண்பன் ஒரு புது டச் போன் வாங்கிக் கொடுத்திருந்தான்.

அந்த போன் அடிக்கும்போது ஒரு பச்சை வட்டம் வரும். அதைத் தொட்டு மேலே இழுக்க வேண்டும். அப்பா அதை அழுத்துவார். எடுக்காது. மறுபடி, இன்னும் பலமாக அழுத்துவார். அதற்குள் மணி நின்றுவிடும். ஒரு வாரம் பார்த்தார். போனை மஞ்சள் துணியில் சுற்றி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். விபூதி பூசாததுதான் பாக்கி.

"நீதான் பெரிய கேம் புலியாச்சே... அவருக்கு ஏதாவது ஒண்ணு கத்துக்கொடுடா. போன் மேல இருக்கிற பயம் தெளியட்டும்" என்றான் நண்பன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வயசில் பஜாரில் வாங்கிய செங்கல் கேமிலிருந்து இன்றைக்கு வந்த ஆட்டம் வரை விளையாடித் தேய்ந்த கட்டை விரல் இது! டிரைவருக்கு என்ன கேம் கொடுப்போம்? கார் ரேஸ்தானே! டவுன்லோடு செய்தேன். "போனை இப்படிச் சாய்ச்சா வண்டி திரும்பும், அப்பா. அவ்வளவுதான்" என்று கையில் கொடுத்தேன்.

முதல் வளைவில் கார் சுவரில் மோதியது. இரண்டாவது தடவை பள்ளத்தில். மூன்றாவது தடவை எதிரே வந்த லாரியில். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் 'ஆட்டம் குளோஸ்' என்று இங்கிலீஷில் வந்து நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"முப்பது வருஷத்துல ஒரு வண்டிய உருட்டினதில்ல தம்பி..." என்றார் மெதுவாக. "இதெல்லாம் நமக்கு வராது."

போன் மறுபடி மஞ்சள் துணிக்குள் போய்விட்டது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. (குளிர் ஒரு காரணம்.) ஒரு மனுஷன் எதில் ராஜாவோ, அதிலேயே அவரை மூன்று நிமிஷத்தில் மூன்று தடவை தோற்கடித்திருக்கிறேன். போன் மேல் இருந்த பயம் இப்போது தன் மேலேயே திரும்பிவிட்டது. எனக்குப் பிடித்ததைக் கொடுத்தேனே தவிர, அவர் கைக்கு என்ன தெரியும் என்று யோசிக்கவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். இன்றைய பெரிய கேம்களில் இடது கட்டை விரல் நடக்கும், வலது கட்டை விரல் பார்க்கும். நமக்கு அது பழகிப் போச்சு. புதுசாக வருகிறவர் ஒன்று வானத்தைப் பார்த்து நிற்பார், இல்லை சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார். சைக்கிள் கற்ற பிறகு விழுந்த நாள் மறந்துவிடுகிற மாதிரி, நமக்கும் இது மறந்துவிடுகிறது.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. 1980-ல் வந்த பேக்மேன் கேமுக்கு ஒரே ஒரு குச்சிதான். நாலு திசை, பட்டனே கிடையாது. 1985-ல் வந்த சூப்பர் மரியோவில் முதல் காட்சியே பள்ளிக்கூடம். ஒரு எதிரி மெதுவாக நடந்து வருவான், தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டினால் தலை மேலே கட்டையில் இடிக்கும், உள்ளேயிருந்து பரிசு வரும். ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் பாடம் முடிந்தது!

இன்னொன்று. ஆபீசில் மேனேஜர் வரும்போது அவசரமாக மூடுவீர்களே, அந்த சீட்டுக்கட்டு சாலிடேர்... அது 1990-ல் விண்டோஸ் 3.0-வோடு வந்தது. அன்றைக்கு மவுஸ் என்றாலே பலருக்கும் புதுசு. சீட்டைப் பிடித்து, இழுத்து, இன்னொரு சீட்டின் மேல் விடுவதற்குள் கை தானாக மவுஸைக் கற்றுக்கொண்டது. விளையாட்டு மாதிரி இருந்தது, உள்ளே இருந்தது டிரெய்னிங்!

இழுத்து விடுவது... படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். அப்பாவுக்குத் தெரியாததும் அது ஒன்றுதானே?

காலையில் நான் தேடியது கட்டை அடுக்கும் கேம். இதற்கு ஒரு பாட்டன் உண்டு. 1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் அலெக்சி பஜித்னோவ் என்பவர் செய்த டெட்ரிஸ். 1989-ல் நின்டெண்டோவின் கேம்பாய் அமெரிக்காவுக்குப் போனபோது, கூடவே கொடுத்தனுப்பியது அதைத்தான். பஜாரில் நான் வாங்கிய செங்கல் கேமும் அதன் பேரன். ஆனால் டெட்ரிஸில் கட்டைகள் மேலேயிருந்து விழுந்துகொண்டே இருக்கும், அவசரப்படுத்தும். நான் எடுத்தது விழாத ஜாதி. கீழே மூன்று கட்டைகள் காத்திருக்கும். ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டத்துக்குள் வைக்கலாம். ஒரு வரிசை நிரம்பினால் மறைந்துவிடும். கடிகாரமே கிடையாது. நடுவில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம். நெட்டும் வேண்டாம்.

இந்தத் தடவை அவர் கையில் கொடுக்கவில்லை. திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பாட்டுக்கு ஆடினேன். வேண்டுமென்றே மோசமாக! நீளக் கட்டையை நடுவில் வைத்து, மூலையெல்லாம் ஓட்டை விட்டு...

ஓரக்கண்ணால் பார்த்தார். பேப்பரை மடித்தார். தொண்டையைக் கனைத்தார்.

"அங்க வைக்காதீங்க தம்பி! பெரிசு நடுவுல போனா சின்னது எங்க போகும்? ஓரத்துல கட்டுங்க..."

"எங்க அப்பா?"

"இங்க..." என்று விரலை வைத்து, கட்டையை இழுத்து, மூலையில் விட்டார். டக்கென்று உட்கார்ந்தது. வரிசை மறைந்தது.

அவ்வளவுதான். போன் மதியச் சாப்பாடு வரை என்னிடம் திரும்பி வரவில்லை. ஜீப்பின் பின்னால் முப்பது வருஷம் மூட்டை அடுக்கிய மனுஷன், சார்! டிரைவருக்கு வண்டி ஓட்டும் கேம் கொடுத்தேனே, அங்கேதான் தப்பு. தொழிலில் அவருக்குப் பெருமை இருக்கிறது. அதைச் சீண்டக்கூடாது. தொழிலுக்குள்ளே இருக்கிற ஒரு சின்ன வேலையை எடுத்தால் கை தானாகப் போகிறது.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "பெட்டி அடுக்கறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்றார். அன்று இரவு நண்பனின் லேப்டாப்பில் 'வெண்பா' போட்டோம். கனடாவில் டொராண்டோவிலிருந்து நம்ம ஆட்கள் 2023-ல் கொண்டுவந்த கேம். 2024-ல் லண்டன் பாஃப்டா விருதில், முதல் படைப்புக்கான பரிசை வாங்கியது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்ப் பெண், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு சமைக்கிறாள். அழிந்த வரிகளை நாம் ஊகிக்க வேண்டும். முதல் அயிட்டம் இட்லி! தப்பாகச் செய்தால் திரும்பச் செய்யலாம், தண்டனை கிடையாது. வசனத்தை நண்பன் படித்துச் சொல்ல, இட்லித் தட்டை எப்படி அடுக்கணும் என்று அம்மா அவனை அதட்ட... கடைசியில் ஒன்று சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கு அவ அம்மா எழுதியாவது வெச்சிருக்கா. என்கிட்ட யாருடா கேட்டு எழுதி வெச்சீங்க?" நண்பன் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நோட்டுப் புத்தகம் வாங்கினான் என்று கேள்வி.

ஆக, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்தால்... அப்பாவோ, அத்தையோ, புதுசாக வந்த மனைவியோ... அனுபவப்பட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு விரலில் ஆடுவதாக இருக்கட்டும். கடிகாரம் வேண்டாம். தோற்றால் சத்தம் போட்டு ஊரைக் கூட்டாததாக இருக்கட்டும். முக்கியமாக, அவர் தடுமாறும்போது "இப்படிக் கொடுங்க" என்று போனைப் பிடுங்காதீர்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

பி.காம். படித்ததற்கு ஒரு வார்த்தை. 'இலவசம்' என்று போட்டிருந்தால் பேரேட்டின் மறுபக்கத்தைப் புரட்டுங்கள். ஒரு பக்கம் வரவு என்றால் எங்கேயோ பற்று இருந்தே தீரும். விளம்பரம் வரும், நகை வாங்கு, உயிர் வாங்கு என்று கை நீட்டும். நெட் தேவைப்படாத கேமாகப் பார்த்து, டேட்டாவை அணைத்துவிட்டுக் கொடுத்தால் பாதித் தொல்லை ஒழியும். போனில் பேங்க் கணக்கு இருந்தால், ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி செட் பண்ணுங்கள். பணம் கட்டி ஆடும் ஆட்டம் பக்கமே போக வேண்டாம். அதற்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டமே போட்டாயிற்று.

நான் மலை இறங்கி வந்து ஒரு வாரம் இருக்கும். நண்பன் போன் செய்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நேத்து ராத்திரி சும்மா வீடியோ கால் போட்டேன்டா. எப்பவும் போல எடுக்க மாட்டார்னு நினைச்சேன். மூணாவது மணியில எடுத்துட்டார். எப்படிப்பா எடுத்தீங்கன்னு கேட்டா, 'கட்டையை இழுக்கிற மாதிரிதானேடா'ங்கிறார். பையன் தூங்கற வரைக்கும் பேசிட்டு இருந்தாங்க ரெண்டு பேரும்."

நேற்று எனக்கே வந்தது, அவர் பண்ணிய கால். திரையில் பாதி நெற்றியும் மீதி ஓட்டுக் கூரையும் தெரிந்தன.

"தம்பி, உங்க ஸ்கோர் எவ்வளவு?"

கொஞ்சம் கூட்டியே சொன்னேன். "ரெண்டாயிரத்து நூறு, அப்பா."

"நான் ஆறாயிரம் தாண்டிட்டேன்" என்றது அந்த நெற்றி. "மூலையில ஓட்டை விடறீங்க தம்பி... அப்படி அடுக்கினா, மூணாவது வளைவிலேயே வண்டி சாஞ்சிடும்!"