உப்புக் குவியல் ஏன் படத்தில் குட்டையாகிறது?

மரக்காணம் உப்பளத்தைக் கண்டதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை ஓரங்கட்டிப் படமெடுப்பவர்கள் ஏராளம். வீட்டில் பார்த்தால் குவியல்கள் தரையோடு தரையாக அமுங்கிக் கிடக்கும். ஏன்?

சமதரையில் தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே தெரியும். நின்றபடி ஒன்றரை மீட்டர் உயரத்தில் எடுத்தால், ஒரு மீட்டர் குவியல் முழுதும் அந்தக் கோட்டுக்குக் கீழே அடங்கிவிடும். குந்தி உட்கார்ந்து கேமராவை 30 சென்டிமீட்டருக்கு இறக்குங்கள்; அதே குவியலின் பெரும்பகுதி வானத்தில் ஏறி நிற்கும். ஈர வரப்பு மிதித்தால் உடையும், வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குவதே முறை.

பாத்தி நீரும் மாறும். செங்குத்தாக விழும் ஒளியில் தண்ணீர் சுமார் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. பரப்பை ஒட்டி 10 பாகைச் சாய்வில் வந்தால் மூன்றில் ஒரு பங்கு திரும்பும். அதனால்தான் தாழ்ந்த கோணத்தில் அடிச்சேறு மறைந்து மேகம் தெரிகிறது. கடற்காற்று எழுந்தால் எல்லாம் கலைந்துவிடும், விடியற்காலையே நல்லது.

ஃபோகஸ்தான் சிக்கல். முன்னால் உப்புப் படிகம், தூரத்தில் குவியல். பலரும் குவியலில் வைப்பார்கள், வீண். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், எஃப்/11 என்றால், 1.8 மீட்டரில் ஃபோகஸ் வையுங்கள்: 90 சென்டிமீட்டர் முதல் தொடுவானம் வரை தெளிவு கிடைக்கும். இன்னும் வேண்டுமென்று எஃப்/22 போனால், ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதுமே மழுங்கும்.

வெள்ளை உப்பைக் கேமரா சாம்பலாக்கிவிடும் என்பதால் ஒளியளவை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். டிரைபாட் கால்களை அன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு அரித்துவிடும்.