கல்லைச் செதுக்கும் கருவிகள்

மண்ணில் அழியாது நின்று சான்று கூறும் மனிதத் தொழில்களுள் மிகத் தொன்மையானது கல்லைச் செதுக்கும் தொழிலாகும். மரக்கருவிகள் மட்கின, தோலும் நாரும் மறைந்தன, கல் மட்டும் எஞ்சியது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியப் பழைய கற்கால ஆய்வு அங்கே தோன்றியது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையன என்று 2011-இல் வெளியான ஆய்வு நிறுவியது.

இத்தகைய கருவிகள் எவ்வாறு செய்யப்பட்டன? இதனை நூல்வழி மட்டும் அறிதல் அரிது. எனவே பிரான்சு நாட்டுப் பிரான்சுவா போர்தும் அமெரிக்காவின் டான் கிராப்ட்ரீயும் தாமே கல்லைச் செதுக்கிப் பார்த்து, அதனை ஓர் ஆய்வு நெறியாகவே வளர்த்தனர். அவ்வழியில் பழக விரும்புவோர் முதலில் அறிய வேண்டுவது, செதுக்கப்படும் கல்லைவிடச் செதுக்கும் கருவியைப் பற்றியே ஆகும்.

கல் உடையும் இயல்பு

எல்லாக் கல்லும் இதற்கு ஏற்றதன்று. சிக்கிமுக்கிக் கல், எரிமலைக் கண்ணாடி, நுண்மணிகளாலான குவார்ட்சைட் போன்றவை கண்ணாடியைப் போல் உடைவன. சன்னல் கண்ணாடியில் சிறு குண்டு பட்டால், மறுபுறம் அகன்று செல்லும் கூம்பு வடிவத் துளை விழுவதைக் காணலாம். கல்லின் விளிம்பில் அடிக்கும்போதும் இவ்வாறே விசை கூம்பாகப் பரவுகிறது. அக்கூம்பின் ஒரு பகுதியே செதிலாகப் பெயர்கிறது. செதிலின் உட்புறத்தில், அடிபட்ட இடத்தருகே சிறு புடைப்பு ஒன்று இருக்கும். இயற்கையாய் உடைந்த கல்லினின்று மனிதன் உடைத்த கல்லைப் பிரித்தறிய உதவும் அடையாளங்களுள் இதுவும் ஒன்று.

அடிக்கும் விளிம்பின் கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். அதற்கு மேற்பட்டால் எத்துணை வலிமையாக அடித்தாலும் செதில் பெயராது, கல்லே சிதையும். ஆகவே இத்தொழிலில் கோணமே முதன்மை. தோள்வலிமை அதற்குப் பின்னரே.

சுத்திக்கல்

முதற்கருவி ஆற்றுக் கூழாங்கல். உள்ளங்கையில் அடங்குவதாய், முட்டை வடிவினதாய், விரிசல் அற்றதாய் இருத்தல் நன்று. பெரிய செதில்களைப் பெயர்க்கக் கடினமான குவார்ட்சைட் கூழாங்கல்லும், மெல்லிய விளிம்புகளைத் திருத்தச் சற்று மென்மையான மணற்கல்லும் உதவும். சுத்திக்கல் இரண்டாகப் பிளந்து தெறிக்கக்கூடும் என்பதால், விரிசல் கண்ட கல்லை உடனே விலக்கிவிட வேண்டும்.

மென்சுத்தி

செதில் அகன்றும் மெலிந்தும் வர வேண்டுமாயின் கல்லினும் மென்மையான சுத்தி தேவை. இங்கிலாந்தின் பாக்சுகுரோவில் சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மான்கொம்பும் எலும்பும் இதற்குப் பயன்பட்டன. நம் நாட்டில் மான்கொம்பு தேடுதல் ஆகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடந்தரவில்லை. முனை உருட்டப்பட்ட செம்புத் தண்டு ஒன்றை மரக்கைப்பிடியில் பொருத்தினால் அப்பணியை அது செய்யும். செம்பு கல்லின் விளிம்பை ஒரு கணம் கவ்விப் பிடித்துச் செதிலை உரித்தெடுக்கிறது.

அழுத்துகோல்

இறுதிக் கூர்மைக்கு அடித்தல் உதவாது, அழுத்துதலே வேண்டும். 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள செம்புக்கம்பி ஒன்றையும், ஒரு சாண் நீள மரத்துண்டு ஒன்றையும் கொள்க. மரத்தின் முனையில் துளையிட்டுக் கம்பியைச் செருகி, ஓர் அங்குலம் மட்டும் வெளியே விடுக. அம்முனையைச் சுடாமல் சுத்தியால் தட்டிக் கூராக்குக. அவ்வாறு தட்டத் தட்டச் செம்பு இறுகும்.

இடக்கையில் தடித்த தோல்துண்டை விரித்து, அதன்மேல் கல்லை வைத்துப் பிடிக்க. கம்பியின் முனையை விளிம்பில் ஊன்றி, முதலில் கல்லின் உட்புறம் நோக்கி அழுத்தி, பின்னர்க் கீழ்நோக்கித் தாழ்த்துக. கல்லின் அடிப்பக்கத்திலிருந்து சிறுசெதில் பெயரும். தொடக்கத்தில் தடித்த கண்ணாடிக் குப்பியின் அடிப்பகுதியே போதுமான பயிற்சிப் பொருளாகும்.

தேய்ப்புக்கல்

கற்போர் பெரும்பாலும் புறக்கணிப்பது இக்கருவியையே. மெல்லிய விளிம்பு விசையைத் தாங்காது நொறுங்கிவிடும். எனவே அடிப்பதற்கு முன் சொரசொரப்பான மணற்கல்லால் அவ்விளிம்பைத் தேய்த்து மழுக்க வேண்டும். கூர்மை பெற வேண்டிய விளிம்பை முதலில் மழுக்குவதே இக்கலையின் நுட்பம்.

காம்பேயின் கைவண்ணம்

குசராத்தின் காம்பே நகரில் இத்தொழில் வேறொரு முறையில் வழங்கி வந்துள்ளது. அங்குள்ள மணிவினைஞர், தரையில் நாட்டிய இரும்புக்கோலின் கூர்முனையில் சூதுபவளக் கல்லைச் சாய்த்து வைத்து, மெல்லிய கழியில் பொருத்திய எருமைக்கொம்புச் சுத்தியால் தட்டுவர். செதில் சுத்தி பட்ட இடத்தில் அன்று, இரும்புமுனை தொட்ட இடத்தில் பெயரும். அரேபியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் கடல்வழிச் சென்ற மணிகள் இவ்வாறு உருவாயின. தேர்ந்த வினைஞரின் கை அளவோடு அசையும். அவ்வளவை அறியப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும்.

காக்க வேண்டியவை மூன்று

முதலாவது கண். கண்ணாடி அணியாமல் ஒருபோதும் அடித்தல் கூடாது.

இரண்டாவது நுரையீரல். சிலிக்காத் துகள் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிசு என்னும் தீராநோய் வரும். காம்பேயில் மணிக்கற்களைச் சாணை பிடித்தோரும், இங்கிலாந்தின் பிராண்டனில் துப்பாக்கிக்கான தீக்கல் செதுக்கியோரும் இதற்கு இரையாயினர். திறந்தவெளியில் அமர்தல், தேய்க்கும்போது நீர் பயன்படுத்துதல், முகக்காப்பு அணிதல், உடையில் படிந்த தூசியை வீட்டினுள் உதறாதிருத்தல் ஆகியன இன்றியமையாதன.

மூன்றாவது கடந்தகாலம். தொல்லிடங்களில் கிடக்கும் கற்களைப் பயிற்சிக்கு எடுத்தல் தகாது. அங்கே அமர்ந்து செதுக்குதலும் தகாது. இன்று சிதறிய செதில் நாளைய ஆய்வாளரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். கீழே விரிப்பு விரித்துச் செதில்களை முழுதும் திரட்டி அப்புறப்படுத்துக. செய்த பொருளில் ஆண்டைப் பொறித்து வைக்க.

கற்கால மனிதரை அறிவற்றோர் எனக் கருதும் எண்ணம் இன்னும் நம்மிடை உண்டு. ஒருநாள் முழுதும் முயன்று ஒரு கூர்முனையேனும் செய்ய இயலாதவர்க்கு அவ்வெண்ணம் தானே நீங்கும். எங்கே தட்டுவது, எதனால் தட்டுவது, எத்துணை மெல்லத் தட்டுவது என முன்னரே எண்ணிய உள்ளம் ஒன்று ஒவ்வொரு கைக்கோடரியின் பின்னும் இருந்தது. அருங்காட்சியகப் பேழையினுள் அதனைக் காணும் மாணவர், கல்லோடு அவ்வுள்ளத்தையும் காண்பாராக.